வேர்வை சொல்தாவும் என் கைக்குட்டையும்

புதுச்சேரியில் கைக்குட்டை மேல் போர் தொடுத்த ஒரே மனிதர் எங்கள் வேர்வை சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுவார். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பாவத்துக்கு நானும் ஓடுவேன். முகத்தைத் துடைக்கக் கை போனால் போதும், "அத்தான்சியோ!" என்று கத்துவார். பிரெஞ்சில் அதற்கு உஷார் என்று அர்த்தம்.

"ஓடுனா உள்ள சூடு ஏறும்டா. அதத் தணிக்கத்தான் உடம்பு வேர்வைய அனுப்புது. காத்துல காய்ஞ்சாத்தான் குளுமை. நீ தொடச்சிட்டா, உடம்பு பட்ட பாடெல்லாம் வீண்!"

அப்போது எனக்குப் புதுச்சேரியிலேயே சாரம் என்கிற பகுதியில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெரிய மார்க்கெட்டில் அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இல்லாததால் பெரியவராகச் சொல்தாவைக் கூட்டிப்போனேன். நான் ரிக்‌ஷா கூப்பிட்டேன். அவர் ஓட ஆரம்பித்தார். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன், வேறென்ன செய்ய?

பெண்ணின் அப்பா விழுப்புரத்துக்காரர், பிரெஞ்சு தெரியாதவர். என்னைப் பார்த்ததும் மிரண்டுபோனார்.

"மாப்ளைக்குச் சொரமா? இப்படி ஊத்துதே!"

"சொரமில்ல முசியே. ஓடியாந்தோம்" என்றார் சொல்தா. அவருக்கு எல்லா ஐயாவும் முசியேதான்.

"ஏன், யாராச்சும் தொரத்துறாங்களா?"

நான் கைக்குட்டையை எடுத்தேன். "அத்தான்சியோ!" என்று சொல்தா அலறினார்.

"கல்யாணமே ஆவல, அதுக்குள்ள அத்தானா?" என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெண் காப்பியோடு வந்தாள். "காப்பி வேணாம்மா, மோருல உப்புப் போட்டுக் குடு" என்றார் சொல்தா. மோர் வரும்வரை என் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு என் மூச்சைப் பார்த்தது.

நான் மோரைக் குடித்து முடித்ததும் கையை விட்டார். "பாத்தீங்களா? நெஞ்சு அடங்கிடுச்சி, மூச்சு அடங்கிடுச்சி. இவன் உடம்பு தானா வழிக்கு வந்துரும். ஆளும் அப்படித்தான். தைரியமா குடுங்க!"

கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு நாள், சொல்தாவை அடக்கம் செய்துவிட்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தேன். என் மனைவி துண்டை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அத்தான்சியோ" என்றாள், மெதுவாக. அவள் வெயிலில் நடக்கவில்லை. ஆனால் அவள் முகமும் நனைந்திருந்தது. இரண்டு பேருமே துடைத்துக்கொள்ளவில்லை.