கிரிமோ என்னும் போர்க்குதிரையின் குணநலன்கள்

என் அக்காள் பெற்ற செல்வன், பிரபுவின் மாளிகைக்கு அணியாய் விளங்கும் தியூட்கருக்கு, மியூஸ் ஆற்றங்கரையிலிருந்து உன் மாமா அன்ஸ்போல்ட் ஆசீர்வதித்து எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே முதலில் குதிரை நலம், அடுத்து உன் அத்தை இம்மா நலம், கடைசியாக நானும் நலம். இந்த வரிசையை வைத்தது நானல்ல, ஊர். நாற்பது ஆண்டுகள் இந்த ஊரார் அத்தனை பேருக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் ஒருவரும் என்னை நிறுத்தி நலம் கேட்டதில்லை. இப்போது வேலிக்கு வேலி நின்று, "கிரிமோ நேத்து நல்லா சாப்பிட்டானா?" என்று விசாரிக்கிறார்கள்.

கிரிமோ என்பது குதிரையின் பெயர்.

காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பிரபுவின் மேசையில் இறைச்சி அறுத்து வைப்பவன். அவர் காதுக்குப் பக்கத்தில் நிற்பவன். மே மாதம் படை கூடுவதற்குள் அந்தக் காதில் ஒரு வார்த்தை போட வேண்டும். என் குதிரையை அவர் எடுத்துக்கொள்ளட்டும், இரும்புச் சட்டையையும் எடுத்துக்கொள்ளட்டும், என்னை மட்டும் விட்டுவிடட்டும். வலுவுள்ள யாராவது அதன்மேல் ஏறி ரைன் நதியைத் தாண்டட்டும். எனக்கு அறுபத்து மூன்று வயது. அந்தக் கரையில் இருக்கும் சாக்சனியர்களோடு எனக்கு நேரடியான மனத்தாங்கல் எதுவும் இல்லை.

இந்த வம்பு எப்படி வந்தது என்று நீ கேட்கலாம். உன் அத்தையின் அண்ணன் காலமாகி அவருடைய நான்கு பண்ணைகள் எங்களிடம் வந்ததும், பிரபுவின் ஆள் கெருங் கணக்கெடுக்க வந்தான். பன்னிரண்டு பண்ணைக்குக் குறைந்தவன் வண்டிகளோடு பின்னால் நடந்து போகலாம். பன்னிரண்டு உள்ளவன் இரும்புச் சட்டை போட்டுக் குதிரை மேல் முன்வரிசையில் போக வேண்டும் என்பது மன்னரின் ஆணை. கெருங் பதினொன்று என்று எழுதினான். அதில் பிழை இருப்பதை நான் பார்த்தேன். பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். வயது முழுக்கப் பிழை திருத்தியே வாழ்ந்தவனாயிற்றே, அவன் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி நானே பன்னிரண்டு என்று திருத்தி, ஓரத்தில் கையொப்பமும் போட்டுக் கொடுத்தேன். கெருங் என்னை வெகுநேரம் பார்த்தான். "ரொம்ப நேர்மையான மனுஷன் ஐயா நீங்க" என்றான். அதை அவன் பாராட்டாகச் சொன்னானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன் அத்தைக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து, "முன்வரிசை வீரரே, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

பிறகு குதிரை வாங்கினோம். ஆறு பசுக்கள் ஒரு வாசல் வழியாகப் போயின, ஒரு கிரிமோ மறு வாசல் வழியாக வந்தான். ஆறு பசுக்களும் பால் கொடுத்தன. இவன் உதை கொடுக்கிறான். நாங்கள் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறோம், அவன் வாற்கோதுமை தின்கிறான். குளிர் காலத்தில் எங்கள் கூரை ஒழுகியது. சீர்செய்ய வைத்திருந்த வைக்கோல் அவன் படுக்கைக்குப் போயிற்று. குதிரைக்காரன் வாந்தோவிடம் கேட்டேன். "போர்க்குதிரை ஐயா, அதுக்குச் சளி பிடிச்சா என்ன ஆகும்?" என்றான். எனக்கு ஏற்கெனவே சளி பிடித்திருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கருத்து எதுவும் இல்லை. மேயும்போது தொலைந்து போகக் கூடாதென்று கழுத்தில் மணி கட்டினோம். மணி அடித்தால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்று தெரிந்துகொண்டு, நாள் முழுக்கத் தலையை ஆட்டாமல் ஓக் மரத்தோப்பில் சிலை மாதிரி நிற்கிறான். எங்கள் வீட்டில் இவ்வளவு பொறுமை உள்ள பிராணி வேறு இல்லை.

ஏறிப் பழக வேண்டுமல்லவா. இப்போது சேணத்தில் கால் வைக்க இரண்டு பக்கமும் இரும்பு வளையம் தொங்கவிடுகிறார்களாம், புதுப் பழக்கம். என் தகப்பனார் காலத்தில் ஏறுபவன் ஏறினான், விழுபவன் விழுந்தான். யாருக்கும் வளையம் தேவைப்படவில்லை. வாந்தோ வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "காலை இதுல வைங்க, ஒரே எம்பு எம்புங்க" என்றான். மைத்துனருடைய இரும்புச் சட்டை வேறு என் உடம்பில். அவர் ஆள் பீப்பாய் மாதிரி. சட்டை என் முழங்காலுக்குக் கீழே தொங்கிற்று. நான் எம்பினேன். சட்டை எம்பவில்லை. ஒரு கால் வளையத்தில், மறு கால் தரையில், குதிரை தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. நானும் ஒற்றைக் காலில் கூடவே போனேன், வேறு வழி இல்லை. தொட்டிக்குப் போனதும் அவன் தண்ணீர் குடித்தான், நான் தொட்டிக்குள் விழுந்தேன். இரும்பு என்னை அடியில் பிடித்துக்கொண்டது. வாந்தோவும் உன் அத்தையும் இழுத்துத்தான் எடுத்தார்கள். "ரைனைத் தாண்டறதுக்கு முன்னாடி தொட்டியைத் தாண்டுங்க" என்றாள் உன் அத்தை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அடுப்படியில் என் துணிச் சட்டையைப் பிழிந்துகொண்டு, "உங்களை அனுப்பிட்டு நான் இங்க என்ன செய்யப் போறேன்" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். நான் அடுப்பில் இன்னொரு விறகு வைத்தேன்.

சரி, மந்திரித்தாலாவது சாந்தமாவான் என்று பாதிரியாரை அழைத்தேன். அவர் புனித நீரோடு வந்து, லத்தீனில் இரண்டு வரி தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை, பட்டது போதும் என்று. குதிரை திருத்தியது. அவர் தோளைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரி வரும் வரை விடவில்லை. "இதுக்குள்ள எதுவோ இருக்கு அன்ஸ்போல்ட்" என்றார் பாதிரியார். "எங்க வாற்கோதுமைதான் சாமி" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் செருக்கைப் பற்றிப் பேசினார், என்னையே பார்த்துக்கொண்டு.

இவை தவிர, காக்கையைக் கண்டால் பக்கவாட்டில் ஓடுவது, கொம்பு ஊதினால் படுத்துக்கொள்வது, ஆற்றின் நடுவில் யோசனையில் ஆழ்ந்துவிடுவது ஆகிய குணங்களும் உண்டு. போரில் காக்கை, கொம்பு, ஆறு மூன்றும் இருக்கும் என்று கேள்வி. ஆகவே தம்பி, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கோழை என்று பிரபு நினைத்தாலும் பரவாயில்லை. நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

புனித மார்ட்டினின் நிழல் உன்மேல் எப்போதும் விழட்டும். உன் கத்தி மழுங்காமலும் பிரபுவின் பசி குறையாமலும் இருக்கட்டும். அத்தை உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், இத்துடன் வருகிறது.

இங்ஙனம்,
அன்ஸ்போல்ட்

பின்குறிப்பு: மடித்து மெழுகு வைக்கும் நேரத்தில் கெருங் வந்துவிட்டான். நான் கேட்காமலே பிரபு என் வயதை மனத்தில் கொண்டு விலக்கு அளித்துவிட்டாராம். "நீங்க வீட்டுல இருங்க. குதிரையும் சட்டையும் போனா போதும். ஏறிப் போக ஆள் பார்த்தாச்சு. மாளிகையில இறைச்சி அறுக்கிற பையன், உங்க அக்கா மகன்தானாமே, போர்க்களம் பார்க்கணும்னு துடிக்கிறானாம்" என்றான்.

தோலில் எழுதியதை அழிக்க நேரம் இல்லை, புதிதாக எழுத வேறு தோலும் கைவசம் இல்லை. ஆகவே மேலே உள்ளதை நீ பொருட்படுத்த வேண்டாம். வயதானவனுக்குச் சலிப்பு வந்தால் மிகைப்படுத்தி எழுதுவது வழக்கம். கிரிமோ தங்கமான குதிரை. பாதிரியாரைக் கடித்தது பாசத்தினால்கூட இருக்கலாம். ஆற்றின் நடுவில் அவன் நிற்பது உனக்கு இளைப்பாற நேரம் கொடுப்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சட்டை உனக்குக் கச்சிதமாக இருக்கும்.

இம்மா பக்கத்தில் நின்று, "பிள்ளைக்கு உண்மையை எழுதினீங்களா?" என்று கேட்கிறாள். எழுதியாயிற்று என்று சொல்லிவிட்டேன். எந்தப் பகுதி என்று அவள் கேட்கவில்லை. பத்திரமாகப் போய்த் திரும்பி வா, தம்பி. அவன்மேல் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் ஏறலாம், இடது பக்கம் தவிர. வலது பக்கமும் யோசித்து ஏறு.