நாலு புள்ளிப் பொட்டு

புத்தூரில் முறிந்த எலும்பைக் கட்டி அனுப்புகிறவர்கள் பலர் உண்டு. வந்தவனின் பொறுமையை முறித்து அனுப்புகிறவர் ஒரே ஒருவர்தான். ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒன் சிக்ஸ்டி.

கேமரா போன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். குவைத், சிங்கப்பூர் என்று போனவர்கள் சட்டைப்பையில் ஒரு கையடக்கக் கருவியோடு திரும்பினார்கள். அதில் குச்சியால் தொட்டு விலாசம் எழுதலாம், படமும் பார்க்கலாம். திரை அகலத்தில் நூற்றறுபது புள்ளி, உயரத்தில் நூற்றறுபது புள்ளி. கலர் கிடையாது, பதினாறு விதச் சாம்பல் மட்டும். அதற்கென்று தனி ஃபைல் வகை வேறு. படத்தை அந்த வகைக்கு மாற்றத் தெரிந்தவர் அவர்தான். "ஒன் சிக்ஸ்டி பை ஒன் சிக்ஸ்டி" என்று நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயரையே தொலைத்துவிட்டார்.

அவருக்கு இரண்டு வெறி. ஒன்று, கேமராவில் ரா ஃபைலாகத்தான், அதாவது பச்சையாகத்தான், எடுப்பார். "மத்தவன் ஃபோட்டோ வடிச்ச சோறுபா. என்னுது அரிசி. கேமரா கண்டது அத்தினியும் உள்ள கீது" என்பார். அந்த அரிசியை வேகவைக்க அவருடைய கம்ப்யூட்டருக்குப் படத்துக்கு இருபது நிமிடம் பிடிக்கும். இரண்டாவது, இல்லாத ஒரு புள்ளியைக்கூடக் கையால் வைக்க மாட்டார். நகரியிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர், வழுக்கையில் கொஞ்சம் முடி வரையச் சொன்னார். "மொளச்சப்புறம் வா நைனா" என்று எழுப்பி அனுப்பிவிட்டார்.

நான் சிங்கப்பூர் கிளம்பிய அன்று எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். நாலரைக்கு ரயில். அதை விட்டால் சென்னையில் விமானமும் போச்சு, வேலையும் போச்சு. மச்சான் கொடுத்த பழைய கருவியில் மனைவியின் படத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பர்ஸில் காகிதப் படம் வைத்துக்கொள்வது எனக்குக் கௌரவக் குறைச்சல்!

மனைவி, மாமியாரோடு மத்தியானமே ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தாயிற்று. மூன்றரைக்குக் கருவியின் திரையில் படம் வந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"இன்னாங்க இது? என் பொட்டு எங்க?"

நெற்றி வெறுமையாக இருந்தது. பெரிய குங்குமப் பொட்டு, கலர் போனதும் நெற்றியின் சாம்பலோடு சாம்பலாகக் கரைந்துவிட்டது. புருஷன் கடல் தாண்டுகிற நாளில் பொட்டில்லாத பெண்டாட்டி படம்! என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நான் ஒன் சிக்ஸ்டி பக்கம் திரும்பினேன்.

"கையால ஒரு புள்ளி வெச்சி குடுண்ணா. டைம் ஆவுது."

"மாட்டேன். பொட்டு ரா-ல கீது. செவப்ப மட்டும் இருட்டாக்கி மறுபடி மாத்துனா தானா வரும். ஆகண்டி, கொஞ்சம் பொறு. இருவது நிமிஷம்."

கெஞ்சினேன், கத்தினேன். மனிதர் அசையவில்லை. அதிலேயே மணி நாலாகிவிட்டது. மறுபடி ஆரம்பித்துப் பாதி ஓடியபோது கரண்ட் போனது. யூபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. மாமியார் ஏழுமலையானுக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். என் தலையை.

"இது எத்தினி நிமிஷம்ணா தாங்கும்?"

"நீ பேசாத இருந்தா தாங்கும்."

நாலு பத்து. மனைவி அழ ஆரம்பித்திருந்தாள். இந்தப் பொட்டு வராமல் ரயில் ஏறக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன் சிக்ஸ்டி அவளை ஒருமுறை பார்த்தார். "எல்லாரும் வெளிய போங்க" என்று கதவைச் சாத்தினார்.

நாலு இருபதுக்குக் கதவு திறந்தது. கருவியை என் கையில் திணித்தார். நெற்றியில் பொட்டு!

"ரா-லேந்து வந்திச்சிபா. ஓடு!"

ஓடினேன். ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிங்கப்பூரில் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். கண், மூக்கு, காது எல்லாம் விளிம்பு மங்கிச் சாம்பலாகக் கலந்திருந்தன. பொட்டு மட்டும் அட்டைக் கறுப்பு. கச்சிதமான சதுரமாக நாலே புள்ளி. அதுவும் நெற்றி நடுவிலிருந்து ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி.

அந்தக் கருவியில் பேட்டரி செத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். சாப்பிட மறந்த நாள் உண்டு. இரண்டு வருஷத்தில் பேட்டரி மாற்ற மறந்ததில்லை.

லீவில் வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போனேன். "அண்ணா, நெஜத்த சொல்லு. அது நீ கையால வெச்சதுதானே?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரா-ல இருந்திச்சி. சும்மா பேசிக்கினு நிக்காத."

வழுக்கை மாப்பிள்ளைக்கு ஒரு முடிகூட வைக்காத மனுஷன். என் மனைவியிடம்கூட இன்றுவரை நான் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை.