கத்தரிப் பாத்தியும் கோழிக்கூட்டு வைக்கோலும்

"ஆத்தா! கத்தரிக் கன்னெல்லாம் வெந்து கெடக்கு!" என்று அலறினான் பங்கிராஸ்.

அவன் தாய் பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "கோழி எருவப் பச்சையா அள்ளிக் கொட்டினா வேகாம என்ன செய்யும்? மக்க விட்டுல்ல போடணும்!"

இன்னும் பன்னிரண்டு நாளில் பெண்ணின் அப்பா, வடுகபட்டி இஞ்ஞாசிமுத்து, மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். செடி வளர்க்கத் தெரியாதவனுக்குப் பெண்ணில்லை என்பது அவர் வைராக்கியம். அவசரக்குடுக்கை பங்கிராஸோ, "அனுமந்தன்பட்டியில என் தோட்டத்துக்கு ஈடே கெடையாது" என்று பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தான்.

சூட்டைத் தணிக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். நாற்றம் தெருக்கோடி வரை போனது. நாற்றத்தை மூட, கோழிக்கூட்டில் பரப்பியிருந்த வைக்கோலை அள்ளிப் போட்டான். விடுமா கோழிகள்? தங்கள் படுக்கையைத் தேடி வந்து, தப்பிப் பிழைத்த நாலு கன்றையும் கிளறி எறிந்தன. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்! சுற்றிலும் முள் அடைத்தான். கையெல்லாம் கீறல்.

எட்டாம் நாள் பாத்தி பச்சைப்பசேலென்று நின்றது. "பாத்தியா ஆத்தா, என் கைராசிய! கத்தரி மறுபடி தழைச்சிருச்சு!" என்று மார் தட்டினான்.

பாக்கியம் குனிந்து பார்த்தாள். "ஏலே, இது நெல்லுடா!"

பங்கிராஸ் பிடுங்கப் பாய்ந்தான். அதற்குள் வாசலில் மாட்டுவண்டிச் சத்தம்.

"ஐயையோ, நாலு நாள் முந்தியே வந்துட்டாகளே!" என்று பதறினான்.

இஞ்ஞாசிமுத்து நேரே தோட்டத்துக்கு வந்தார். பின்னாலேயே அவர் தங்கை வியாகுலமேரி.

"கத்தரி எங்கன மாப்ள?"

"அது கருகிப்போச்சு மாமா. கோழிக்கூட்டு வைக்கோலப் போட்டேன், அதுல ஒட்டியிருந்த நெல்லு மொளைச்சிருச்சு."

"ஈடே இல்லாத தோட்டம்னு சொல்லிவிட்டீரு! இதானா?" இஞ்ஞாசிமுத்து தோளில் துண்டை உதறிப் போட்டார். "வா தாயி, வண்டியப் பூட்டச் சொல்லுவோம்."

பங்கிராஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கல்யாணம் கையை விட்டுப் போய்விட்டது.

வியாகுலமேரி நகரவில்லை. தாது வருசப் பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவள் அவள். பாத்தி ஓரம் உட்கார்ந்து, இளம் நாற்றைத் தடவிக் கொடுத்தாள்.

"எங்க போறீக அண்ணே? கோழி தின்னு தீராம நெல்லு மொளைக்கிற வீடு இது. நம்ம பிள்ளைய இங்கனயே குடுங்க."