மாநிறத்துக்கு ஒரு பாட்டில்

கெடார்,
ஆடி வெள்ளி

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு அக்கா செண்பகம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா, அஸ்வினி, மாடுகள் இரண்டு, அனைவரும் சுகம். அங்கே நீயும் மலர்விழியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அக்கா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய். இது பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் உன் கம்பெனியைப் பற்றியது. நீ அங்கே லாரியில் பெட்டி ஏற்றி இறக்கும் பிரிவில் இருக்கிறாய், கிரீம் காய்ச்சும் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது தெரியும். ஆனாலும் மேக்கப் கம்பெனியில் எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒன்பதாவது படிக்கும்போது பவுடரில் குங்குமத்தைக் குழைத்துக் கன்னத்தில் தடவி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். இன்றைக்கும் பால் சொசைட்டிக்குப் போனால் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் பால் ஊற்றுகிறேன். அதனால் நான் சொல்வதை ஏதோ பட்டிக்காட்டுப் பொம்பளை சொல்கிறாள் என்று உன் முதலாளி தள்ளிவிட முடியாது.

ஆனி மாதம் திண்டிவனத்தில் அஸ்வினியின் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கிடைக்காமல் நீ வரவில்லை, வராததால் தப்பித்தாய். அதற்கு ஒரு வாரம் முன்னால் நீ போன் செய்து, "பவுண்டேஷன் அனுப்பறேன்க்கா, ஆனா கலர் இன்னான்னு கேக்கறாங்க இங்க, நம்ம பொண்ணை இன்னா கலருன்னு சொல்றது?" என்றாய். நான் ஒளிவுமறைவில்லாமல், "மாநிறம்டா" என்றேன். நீயும், "ஆமாக்கா, மாநிறந்தான்" என்றாய். பாட்டில் வந்தது. காலையில் மஞ்சள் பூசிக் குளித்த முகம், அதன் மேல் உன் பாட்டில் ஏறியதும் ஓரங்களில் லேசாகப் பச்சை தட்டியது, சரி, காய்ந்தால் போய்விடும் என்று வேனில் ஏற்றினேன், வேனில் ஏசி ஓடவில்லை, ஜன்னலைத் திறந்தால் ரோட்டுப் புழுதி, மூடினால் வேர்வை, விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நெற்றியில் பாதி மூக்குக்கு வந்துவிட்டது, நான் மறுபடி வழித்து மேலே ஏற்றினேன். மேடையில் லைட்டைப் போட்டதும் மாப்பிள்ளையின் அத்தை கோவிந்தம்மாள் அருகில் வந்து, "பொண்ணுக்கு உடம்புக்கு முடியலையா? மூஞ்சி சாம்பல் பூத்துக்கினு இருக்குது. யாராவது ஜல்தியா ஒரு சோடா வாங்கியாங்க" என்றார்கள். சோடா வந்தே விட்டது. போட்டோ எடுக்க வந்த தேவா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, பொண்ணு மூஞ்சி ஒரு கலராவும் கை ஒரு கலராவும் வருது. மூஞ்சியக் கைக்கு மாத்தறதா, கைய மூஞ்சிக்கு மாத்தறதா? ஒண்ணு சொல்லுங்க" என்றான். கையை மாற்று என்றேன். மாற்றிவிட்டான், காதை மறந்துவிட்டான். ஆல்பத்தில் அவள் காது இரண்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதாக நிற்கிறது. அதோடு விட்டானா, மாப்பிள்ளை தோளில் சாயச் சொன்னான், சாய்ந்தாள், நிமிர்ந்தபோது கன்னத்தில் பாதி மாப்பிள்ளையின் சட்டையில் இருந்தது. பிரவீன்குமார் தங்கமான பிள்ளை. "பரவால்லைங்க அத்தை, துணிதான" என்றார்.

அஸ்வினி நேராக எழுந்து போய் மண்டபத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணும் பூச வேணாம்மா. கழுவின மூஞ்சியோடதான் உக்காருவேன். இல்ல, பூசித்தான் ஆவணும்னா வேற பொண்ணப் பாத்துக்கோ" என்றாள். தம்பி, அவள் பிறந்த அன்றைக்கு அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்து, இதற்குக் கல்யாண மேக்கப் என் கையால்தான் என்று நினைத்தவள் நான். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவணி இருபதாம் தேதி முகூர்த்தம்.

ஆகையால் உன் முதலாளியிடம் அக்கா சொன்னதாகச் சொல். முதலில் மாநிறத்துக்கு ஒழுங்காக ஒரு பாட்டில் போடட்டும். நம் வீட்டில் எல்லோரும் மாநிறம். அப்பாவும் மாநிறம்தான், ஊரில் அவரைக் கரிச்சட்டி வாத்தியார் என்றது பொறாமையில். அஸ்வினியின் பயோடேட்டாவில் மூன்று வருஷமாக மாநிறம் என்றுதான் எழுதினோம், எங்களுக்கு வந்த அத்தனை பயோடேட்டாவிலும் மாநிறம் என்றுதான் இருந்தது. இத்தனை பேருக்கு இருக்கும் நிறத்தில் ஒரு பாட்டில் செய்யத் தெரியவில்லை என்றால் அது என்ன கம்பெனி? பேராவது புரிகிற பேராக வைக்கலாம். ஐவரி, ஆல்மண்ட் என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? யானைத் தந்தத்தைக் கிட்டே போய்ப் பார்த்தது யார்? பாதாமைப் பாயசத்தில் மிதக்கும்போது பார்ப்பதோடு சரி. வேர்க்கடலை என்றுகூட வேண்டாம், நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டைத் தோல், வறுத்த மல்லாட்டை, கேப்பை மாவு, கேப்பைக் களி என்று பேர் போட்டால் கண் தெரியாதவர்கள்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அளவும் பற்றவில்லை. கட்டைவிரல் தண்டி பாட்டிலை வைத்துக்கொண்டு முகத்தையே வழித்து வழித்துப் பூசவேண்டியிருக்கிறது, கழுத்து, காது, கை இரண்டு, ஜாக்கெட் முதுகு, இதெல்லாம் யார் வீட்டுக்குப் போகும்? பெயின்ட் கடையில் தருவதுபோல் கல்யாண வீட்டுக்கென்று ஒரு வாளியாகப் போடட்டும், தீர்ந்தால் வாளி தொழுவத்துக்கு ஆகும். விழுப்புரத்தில் ஜன்னலோரம் ஏறினால் திண்டிவனத்தில் அதே முகத்தோடு இறங்குகிற மாதிரி ஒரு பவுடர் வேண்டும். லிப்ஸ்டிக் பெட்டியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்று போட்டிருக்கிறீர்கள். அது பந்தியில் உட்காராதவர்களுக்குச் சொன்னது. எனக்கு வத்தக்குழம்பு வரைக்கும்கூட வரவில்லை. கையால் பிசைந்து சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிட்டு, துடைத்துவிட்டு எழுந்தாலும் உதட்டில் நிற்கவேண்டும்.

கடைசியாக மை. தண்ணீர் பட்டால் கலையாது என்கிறீர்கள். உண்மைதான், குழாயடியில் வைத்துச் சோதித்துவிட்டேன். ஆனால் அழுதால் கலைகிறது. தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவள் அழாமல் இருக்க முடியுமா, உன் முதலாளிக்குப் பெண்பிள்ளை கிடையாதா? பெண்ணைப் பெற்றவளுக்கென்று தனியாக ஒரு மை போடட்டும்.

இதையெல்லாம் ஆவணி இருபதுக்குள் செய்து கொடுத்தால் அஸ்வினியின் மனதைத் திருப்பிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். மலர்விழியைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் முகம் வாடாமல் நூறு வருஷம் நிறைவாக இருக்க உன் மாமாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். தாய்மாமன் இல்லாமல் பந்தக்கால் நட முடியாது, நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா
சு. செண்பகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அஸ்வினி இதை எடுத்துப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "கெளம்பும்மா, விழுப்புரம் வரைக்கும் போய்ட்டு வந்துரலாம்" என்று ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அலங்காரப் பொருள் கடையில் சங்கவி என்ற பெண், "இன்னா கலருக்குக்கா பாக்கறீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அஸ்வினி, "கறுப்புங்க. நல்ல கறுப்பு" என்றாள். சங்கவி குனிந்து கீழ்த்தட்டின் மூலையில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். உன் கம்பெனிப் பாட்டில்தான், அதே பெட்டி, கலர் நம்பரில் கடைசி நம்பர். அஸ்வினியின் கன்னத்தில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். எங்கே தேய்த்தாள் என்று நான் தேடவேண்டியிருந்தது. "இது எப்பவும் வருதுக்கா, வந்தது அப்படியே திரும்பிப் போய்க்கினு இருக்குது. யாருமே கேக்கறதில்ல. வர்றவங்க எல்லாரும் மாநிறம்னுதான் கேக்கறாங்க" என்றாள். அப்படித் திரும்பி வந்த பெட்டிகளை லாரியில் இருந்து இறக்கியவன் நீதான், தம்பி.

அப்புறம் அஸ்வினி என் பக்கம் திரும்பி, "நீ ஒரு வாட்டி சொல்லும்மா, எம் பொண்ணு கறுப்புன்னு. சொன்னா கல்யாணத்துக்கு உங்கையாலயே பூசிக்கறேன்" என்றாள். இருபத்துநாலு வருஷமாக அந்தச் சொல் அவள் மேல் பட்டுவிடாமல் காபந்து பண்ணிவந்தேன். அவளைக் குத்திக்கொண்டிருந்தது மாநிறம் என்ற சொல்தான் என்பது கடையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். சங்கவிக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மாநிறமும் வேண்டாம், மல்லாட்டையும் வேண்டாம், வாளியும் வேண்டாம். இரண்டு பாட்டில் வாங்கினோம், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. உனக்கும் அதே நம்பர்தான். மை மட்டும் நான் கேட்டபடியே வேண்டும். இப்போது இருப்பது நிற்கவில்லை, கடையிலேயே தெரிந்துவிட்டது.