கிராணியாரின் தனி இணைப்பு

"கிளேபாங்காரங்களும் யானைதான் செய்றாங்களாம்" என்றாள் பூங்காவனம், வாங்கிவந்த ரொட்டியை மேசைமேல் வைத்தவாறே.

அவள் கணவர் சேதுபதி கிராணியார், உதட்டருகே கொண்டுபோன காப்பிக் கோப்பையை அப்படியே கீழே இறக்கினார்.

"யார் சொன்னா?"

"ரொட்டிக்கார மருதமுத்து. அங்கேயும் போய்த்தானே விக்கிறாரு. மூங்கில்ல யானையாம். தும்பிக்கை ஆடுமாம்."

"தும்பிக்கையுமா ஆடும்?"

"ஆடுமாம்."

தும்பிக்கை ஆட வேண்டும் என்பது முந்தைய நாள் மாலை கிராணியார் தாமே கண்டுபிடித்த நுட்பம். அதை அவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிவித்திருந்தார். அவர் காஜா பெராங் தமிழர் சங்கத்தின் தலைவர் சொக்கப்பன் செட்டியார். தெரிவித்ததும் டெலிபோனில்.

மலாயா விடுதலை பெறவிருந்த ஆகஸ்டு மாதம் அது. மலாக்காவில் நடக்கவிருந்த மெர்டேக்கா என்னும் விடுதலை ஊர்வலத்தில் ஒவ்வொரு வட்டாரத்துச் சங்கமும் ஓர் அலங்கார லாரியை விடுவதென்றும், சிறந்த லாரிக்கு வெள்ளிக் கோப்பை என்றும் ஏற்பாடு. காஜா பெராங் என்ற பெயருக்கே மலாய் மொழியில் சினங்கொண்ட யானை என்றுதான் பொருள். எனவே இவ்வூரார் யானை செய்வது இயல்பு. கடற்கரையில் கருவாடு காயவைக்கும் கிளேபாங்குக்கும் யானைக்கும் என்ன உறவு என்பதை நேர்மையுள்ள எவரும் விளக்க இயலாது.

கோப்பையைக் காட்டிலும் பெரியதொன்று கிராணியாருக்கு இருந்தது. லாரியின்மேல் கொடி பிடித்து நிற்கப் போகிறவர் சங்கத்தின் செயலாளராகிய அவரே. அதற்கென்றே வெள்ளைக் கோட்டு ஒன்றும் தைத்தாகிவிட்டது. பூங்காவனம் அதற்குக் கஞ்சி போட்டு, அலமாரிக் கதவில் தொங்கவிட்டிருந்தாள்.

கிராணியார் எழுந்து டெலிபோனை நோக்கி நடந்தார்.

அந்த டெலிபோனைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஊரில் ஐந்து வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கம்பி; டெலிபோன் குழாயை எடுத்தால் எவர் பேச்சும் எவருக்கும் கேட்கும். யாரை அழைக்க வேண்டுமோ அவருக்குரிய கணக்கில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். செட்டியாருக்கு இரண்டு நெடியது, ஒன்று குறியது. செட்டியார் வீடு எதிர்ச்சாரியில் நான்கு வீடு தள்ளித்தான் இருந்தது. ஆயினும், டெலிபோன் வைத்திருக்கும் மனிதர் தெருவைக் கடந்து போய்ப் பேசினால், டெலிபோனுக்கு என்ன மரியாதை? காற்று வரும் இடம் என்பதனால் அதைத் தெருப்பக்கத்துச் சன்னலருகே மாட்டச் செய்திருந்தார்.

அவர் டெலிபோனில் பேசும் முறையும் தனி. ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலமெல்லாம், விடியுமுன் ஆட்கள் வரிசையாய்க் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலையைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர் அவர். பெரட்டில் எவரும் மறுமொழி கூறுவதில்லை. கேட்பதற்காக அவர் நின்றதுமில்லை. செட்டியாரோ எதற்கும் "ம்" என்பதற்கு மேல் செலவழிக்காதவர். ஆகவே இருவருக்கும் டெலிபோன் மிகவும் பொருந்திவந்தது.

"செட்டியாரே, யானை வேணாம். கப்பல். மூணு பாய்மரம். யாருக்கும் மூச்சு விடாதீங்க" என்றார் கிராணியார்.

அப்பொழுதுதான் அது அவர் காதில் விழுந்தது. டிக், டிக் என்று ஒரு சுவர்க்கடிகாரம். அவர் வீட்டில் சுவர்க்கடிகாரம் இல்லை. செட்டியார் வீட்டுக் கடிகாரமோ நின்று நெடுநாள் ஆயிற்று.

மூன்றாவது ஆள்.

மறுநாள் காலையில் ரொட்டிக்கார மருதமுத்து சைக்கிளை வாசலில் சாய்த்து நிறுத்தினார். "கேட்டீங்களாக்கா, கிளேபாங்குல யானையைப் பிரிச்சுப் போட்டுட்டானுங்க. இப்பக் கப்பலாம். மூணு பாய்மரமாம். கெட்டிக்காரனுங்கதான்."

கிராணியார் அன்று மாலையே சங்கக் குழுவைக் கூட்டினார்.

"கம்பியில கசிவு இருக்கு. கம்யூனிஸ்டுக்காரங்களால வந்த அவசரகாலம் இன்னும் முடியல. நாட்டுக்கே பாதுகாப்பு வேணும்னா சங்கத்துக்கு வேணாமா? நான் ஒரு தீர்மானம் கொண்டுவரேன். ரகசியத்தை வெளியே விட்டவர் யாரா இருந்தாலும், அவருக்கு லாரியில இடம் கிடையாது. தகரக் குழலைப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலத்துக்கு முன்னாலே நடந்து, கூட்டத்தை விலக்கிக்கிட்டே போகணும்."

"யாரா இருந்தாலுமா?" என்று கேட்டார் காப்பிக்கடை நடராஜன்.

"தலைவரே ஆனாலும்."

"ம்" என்றார் செட்டியார். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாளிலிருந்து கிராணியார் கம்பியைக் கண்காணிக்கத் தலைப்பட்டார். குழாயை ஓசையின்றி எடுப்பார். வாய்ப்புறத்தைத் துண்டால் பொத்துவார். காதில் வைத்துக்கொண்டு, விழும் ஒலியையெல்லாம் பிரித்துப் பிரித்து ஆராய்வார். கோப்பை உராய்ந்தால் நடராஜன் கடை. கிளி கத்தினால் கம்போங் செட்டிக் குடியிருப்பில் இருக்கும் பாக்கியம்மா வீடு. டிக் டிக் என்றால், ஒருநாள் உறுதியாகிவிட்டது, மருத்துவச்சி சிவகாமசுந்தரி வீடு. ஊராருக்கு அவர் மிஸ்ஸி.

"தலை இறங்கிருச்சு" என்று மிஸ்ஸி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "எப்படியும் நாளைக்குள்ளே வெளியே வந்துரும். நீங்க ஒருத்தர்கிட்டேயும் இப்பச் சொல்லிக்காதீங்க."

கிராணியார் துண்டை உதறி எறிந்தார். "எது வெளியே வரும்?"

கம்பியில் ஒரு கணம் கடிகாரம் மட்டும் ஓடியது.

"பிள்ளை" என்றார் மிஸ்ஸி. "வயித்துப் பிள்ளை. வேற எது வரணும்னு பார்த்துக்கிட்டு இருக்கீங்க? இது கிராணியார்தானே?"

"நான் சங்கத்துப் பாதுகாப்புக்காக..."

"பிரசவம் பேசறதை ஒட்டுக் கேக்குறதுதான் சங்கத்துப் பாதுகாப்பா? இருங்க, உங்க வீட்டம்மாகிட்டே வந்து சொல்றேன்."

சொல்லியும் விட்டார். பூங்காவனம் அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. அது மறதி அன்று.

செய்தி ஐந்து வீட்டுக்கும் பரவியது. கிராணியார் ஒட்டுக் கேட்கிறாராம் என்றதும், அவர் எப்பொழுது கேட்கிறார் என்று கண்டுபிடிப்பதற்காக மிஸ்ஸி குழாயை எடுத்துக் காதில் வைத்தார். மிஸ்ஸி என்ன சொல்லப் போகிறார் என்று நடராஜன் வைத்தார். என்னதான் நடக்கிறது என்று பாக்கியம்மா வைத்தார். குரல்கள் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போயின. கிராணியாருக்கு இது புதிய சதியாகத் தோன்றவே, அவர் ஒவ்வொரு சொல்லையும் பெரட்டுக் களத்தின் கடைசி வரிசைக்குச் சொல்வதைப் போலச் சொல்லலானார்.

"கிராணி, ஜாங்ஙான் ஜெரிட்-லா" என்று ஒருநாள் பாக்கியம்மாவின் குரல் மெல்லியதாகக் கேட்டது. கம்போங் செட்டியில் வீட்டு மொழியே மலாய்தான், கத்தாதீர் என்கிறார்.

"நான் கத்தினா அவங்களுக்கு ஏன் வலிக்குது?" என்றார் கிராணியார் மனைவியிடம். "குற்றமுள்ள நெஞ்சு."

"அவங்களுக்கு வலிக்கிறது காது" என்றாள் பூங்காவனம்.

இறுதியில் டெலிபோன் இலாகாவிலிருந்து லைன்மேன் பொன்னுதுரை வரவழைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. ஒரு சோதனைக் கருவியைக் கம்பியில் மாட்டி நெடுநேரம் கேட்டுவிட்டு இறங்கிவந்தார்.

"லைனிலை ஒரு பழுதுமில்லை ஐயா. எல்லா வீட்டிலையும் போனை எடுத்துக் காதிலை வச்சுக்கொண்டு இருக்கினம். ஒவ்வொருத்தர் எடுக்க எடுக்கச் சத்தம் குறையும். உங்கட லைனிலை கேக்கத்தான் ஆக்கள் இருக்கினம், கதைக்க ஒருத்தருமில்லை."

"அதைத்தானே நான் சொல்றேன். எனக்கும் செட்டியாருக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாது. தனி இணைப்புக் கொடுங்க."

"குடுக்கலாம். டெலிபோன் கந்தோரிலை எழுதிக் கேக்கவேணும். முதலிலை உங்கட பழையதைக் கழட்டி..."

"கழட்டுங்க. இப்பவே."

பொன்னுதுரை மறுபடியும் கம்பத்தில் ஏறினார். குறடு ஒன்றைக் கொண்டு ஏதேதோ செய்தார். இறங்கி வந்து விவரம் சொல்ல வாயெடுத்தார். கிராணியார் அவர் கையில் காப்பியைக் கொடுத்து, தோளில் தட்டி, பாராட்டி வழியனுப்பிவிட்டார். கம்பத்தின் உச்சியில் நடக்கும் வேலையின் நுணுக்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

அன்று மாலை குழாயைக் காதில் வைத்தபொழுது கிராணியாரின் கண்கள் கலங்கின. கடிகாரம் இல்லை. கோப்பை இல்லை. கிளி இல்லை. அத்தகைய தூய அமைதியை அவர் எந்தக் கம்பியிலும் கேட்டதில்லை. செட்டியாரின் "ம்" கூடக் கேட்கவில்லை. ஆனால் அது நல்ல நாளிலும் கேட்டதில்லை.

"செட்டியாரே, கப்பலும் வேணாம். கோட்டை வாசல். ரெண்டு கதவு. மேடையைத் தாண்டும்போது கதவு திறக்கணும், உள்ளேயிருந்து வெள்ளைப் புறா பறக்கணும். நாளைக்கு மூங்கில் வேணும். ஆணி நாலு ராத்தல்."

மறுநாள் விடிந்ததும் செட்டியார் மூங்கிலோடு கொட்டகையில் நின்றார். அடுத்த நாள் கிராணியார் சுண்ணாம்பு கேட்டார், சுண்ணாம்பு வந்தது. லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பின்பக்கமாகவே வந்து நின்றது. டெலிபோன் என்னும் கருவி இத்தனை பயனுள்ளது என்பதை அவர் அதுவரை உணர்ந்ததில்லை. ஊராரும் என்றுமில்லாத ஒத்துழைப்பைத் தந்தனர். காப்பிக்கடை நடராஜன் ஆணிப் பொட்டலத்தோடு தாமே வந்து நின்றார்.

"நாலு ராத்தல் வேணும்னீங்களே."

"செட்டியார் சொன்னாரா?"

நடராஜன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டு வைங்க, துரு ஏறிடும்" என்று கூறிப் போய்விட்டார்.

கோட்டை எழுந்தது. கதவு திறந்தது. புறாக்களுக்குச் சொல்லியாயிற்று. கிராணியார் வெள்ளைக் கோட்டு அணிந்து கண்ணாடிமுன் நின்று, கொடியில்லாத கையை உயர்த்திப் பார்த்தார்.

வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. மருதமுத்து பூங்காவனத்திடம் ரொட்டியை நீட்டியவாறு சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிளேபாங்குல கோட்டை வாசல் கட்டி முடிச்சுட்டானுங்கக்கா. புறாகூட வாங்கியாச்சு. நம்மகிட்டே வந்ததும் வெள்ளைப் புறாதானே?"

கிராணியார் அணிந்திருந்த கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். நெடுநேரம் சிந்தித்தார். பிறகு அவர் முகத்தில், கடினமான கணக்கொன்றுக்கு விடை கண்டவரின் தெளிவு தோன்றியது.

குழு அன்று அவர் வீட்டிலேயே கூடியது. டெலிபோனுக்கு நேர்கீழே செட்டியாருக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. குழுவில் இல்லாத மிஸ்ஸியும் வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

"பெரியோர்களே" என்று தொடங்கினார் கிராணியார். "முன்னே இந்தக் கம்பியில அஞ்சு வீடு இருந்துச்சு. மிஸ்ஸியைச் சந்தேகப்பட்டேன். நடராஜனைச் சந்தேகப்பட்டேன். பாக்கியம்மாவோட கிளியைக்கூடச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்குங்க. இப்ப இது தனி இணைப்பு. இந்த முனையில நான். அந்த முனையில ஒருத்தர். கோட்டை வாசல் எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். நான் யார்கிட்டேயும் சொல்லல. மிச்சம் யாருன்னு நீங்களே பார்த்துக்குங்க."

எல்லாரும் செட்டியாரைப் பார்த்தனர்.

"கிராணியாரே, நான் வந்து..." என்றார் செட்டியார்.

"இவ்வளவு காலமா 'ம்'முக்கு மேலே பேசாதவர் இன்னிக்குப் பேச வராரு பாருங்க. பயம்."

"அதில்லை. எனக்கு டெலிபோன்..."

"டெலிபோன்தான் சாட்சி."

"அந்த மணியே..."

"மணியா? தெளிவாக் கேட்டுச்சா இல்லையா? நான் சொன்ன மூங்கில் வந்துச்சு. சுண்ணாம்பு வந்துச்சு. ஒரு வார்த்தை தப்பாம எல்லாம் உங்க காதுல விழுந்திருக்கு. ஒத்துக்கிறீங்களா?"

செட்டியார் சற்று யோசித்தார். "விழுந்துச்சு" என்றார்.

"கேட்டுக்குங்க, அவரே ஒத்துக்கிட்டாரு."

கிராணியார் மூலையில் சாத்தியிருந்த தகரக் குழலை எடுத்துவந்தார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கப் போகிறவர் பிடிக்க வேண்டிய குழல் அது. செட்டியார் மடியில் அதை வைத்தார். மெல்லிய குரலுடைய அம்மனிதர், தாம் அதை ஊதுவதா அதில் பேசுவதா என்று தெரியாமல் இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பூங்காவனம் தலையில் கைவைத்துக்கொண்டாள். மிஸ்ஸி சன்னலையும் டெலிபோனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்தது.

"தீர்மானம் தீர்மானம்தான்" என்றார் கிராணியார், வெள்ளைக் கோட்டின் பொத்தானை மாட்டியவாறே. "தலைவரே ஆனாலும்னு அன்னிக்கே சொன்னேன். ரகசியத்தை விட்டவர் முன்னாலே நடப்பாரு. காத்தவர் லாரியில நிப்பாரு. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் புதுக் கம்பிச் சுருளுடன் லைன்மேன் பொன்னுதுரை உள்ளே வந்தார். கூட்டத்தைக் கண்டு கூச்சத்துடன் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கவேணும் ஐயா, வயர் வரச் சுணங்கிப்போச்சு. அண்டைக்கு நான் பழையதை வெட்டிவிட்டுப் போனதிலையிருந்து, போனிலை ஒருத்தரோடையும் கதைக்கேலாமல் நல்லாக் கஷ்டப்பட்டிருப்பியள்."