திரும்ப எடுக்கும் அனுமதி

"எனக்குத் தெரியுது, ஆனா எடுக்க முடியல," என்றார் ஆர்க்கிடெக்ட் மேடம்.

மூன்று மாதமாக வரைந்த பள்ளிக்கூடக் கட்டட வரைபடத்தை, பழைய கோப்புகளைக் களையெடுக்கும்போது அவரே அழித்துவிட்டிருந்தார். அதன் நகல் பேக்கப்பில் பத்திரமாக இருந்தது. திரையில் பெயரும் தேதியும் தெரிந்தன. தொட்டால் மட்டும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வருகிறார்கள். இப்போது மணி மூன்று.

சிஸ்டம் தம்பி நிதானமாகச் சிரித்தான். அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு அங்கே அதுதான் பெயர். இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர் சிஸ்டம் அண்ணன். அந்த இடத்துக்கு வந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வந்து எட்டு மாதம், ஒரு புகார் கிடையாது. அன்று மாலைதான் மேனேஜர் அவனுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தார். அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கல்யாணப் பேச்சு என்று மாமனாராகப் போகிறவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் எல்லாவற்றையும் சிக்கலாக விட்டுப் போனார் என்பது தம்பியின் கட்சி. யார் பார்க்கலாம், யார் திரும்ப எடுக்கலாம், யார் அழிக்கலாம் என்று நாற்பது பேருக்கும் தனித்தனிக் கட்டங்கள். தினமும் மாலை கிளம்பும்முன் தம்பி அவற்றைக் குழு குழுவாகப் பிரித்து அழகுபடுத்துவான். துணி மடித்து அலமாரியில் அடுக்குகிற சந்தோஷம் அதில் அவனுக்கு இருந்தது. மறுநாள் எல்லாம் ஒழுங்காக ஓடும். தன் கைராசி என்று நினைத்துக்கொள்வான்.

"நீங்க ரெண்டு குழுவுல இருக்கீங்க மேடம். ஒண்ணு எடுக்கலாம்னு சொல்லுது, இன்னொண்ணு கூடாதுன்னு சொல்லுது. ரெண்டுக்கும் சண்டை வந்தா கூடாதுங்கிறதுதான் ஜெயிக்கும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான். சீக்கிரம் எடுத்துக் குடுங்க."

'கூடாது' குழுவை அழித்தான். வரைவுப் பிரிவு முழுவதற்கும் பேக்கப்பைப் பார்க்கும் அனுமதியும் அதற்குள்தான் இருந்தது என்பது அழித்த பிறகு தெரிந்தது. பன்னிரண்டு பேரின் திரையிலிருந்து பேக்கப் காணாமல் போனது. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து விசாரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வாயை அடைக்க, 'எல்லாரும்' என்று ஒரு புதுக் குழு உண்டாக்கி, அலுவலகம் மொத்தத்தையும் பழைய குழுக்களிலிருந்து எடுத்து அதில் தள்ளினான். கட்டங்களில் டிக் போடப் போனபோதுதான், அந்த எல்லாரிலும் தானும் சேர்த்தி என்று உறைத்தது.

"என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

"எனக்கே அனுமதி இல்லையாம்."

மேடம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூணு மாசம் என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிர்வாகியைத் தொடர்புகொள்ளச் சொல்லித் திரை ஒரு பெயரைக் காட்டியது. சிஸ்டம் அண்ணனுடைய பெயர். முதல் நாளே நீக்கியிருக்க வேண்டும். 'ஓய்வு பெற்றவர்' என்று தனியாக ஒதுக்கிவைத்து, நாளைக்கு நாளைக்கு என்று விட்டதில் அது தப்பியிருந்தது. எட்டு மாதமாக யாரைக் குறை சொன்னானோ அவரிடமே கையேந்த வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மணி மூன்றே முக்கால்.

இரண்டு கையும் கீபோர்டுக்கு வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். எடுத்தது அண்ணனின் மனைவி. அவன் உளறிக் கொட்டியதைக் கேட்டு அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அவர் படுத்திருக்கார் தம்பி. அவர் சொல்லச் சொல்ல வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் தட்டறேன், இருங்க."

மூன்றே நிமிடம். எல்லாருக்கும் பேக்கப் திரும்பியது. தம்பிக்கு அதிகாரம் திரும்பியது. வரைபடமும் வந்தது. மேடம் அதைத் திறந்து, கடைசி ஜன்னல்வரை சரிபார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கையில் அந்தக் கடிதம். என்ன பிரச்சினை என்று விசாரித்தார். மேடம் நல்லவர், ஒன்றுமில்லை, தம்பி பார்த்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"எட்டு மாசம், ஒரு புகார் இல்ல. அண்ணன் இருந்தப்பகூட இவ்வளவு சுத்தமா ஓடினதில்ல," என்று மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

துண்டிக்க மறந்திருந்த போனிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"தம்பி, கண் ஆபரேஷன் ஆனதால இந்த மூணு நாளா காலையில எந்திரிச்சு நீங்க கலைச்சு வெச்சதைச் சரி பண்ண முடியலன்னு ரொம்ப வருத்தப்படறாரு, உங்களுக்கு வேலை நிரந்தரமானதும் விட்டுடறேன்னு எட்டு மாசமா எங்கிட்டச் சொல்லிட்டிருக்காரு, மேனேஜர் கையெழுத்துப் போட்டாச்சா?"