கண்ணாடிப் படகில் உங்கள் அத்தை

கொட்டாரம்

மஸ்கட்டில் சகல சௌகரியங்களோடும் வாழும் மாப்பிள்ளை ராஜகுமார் அவர்களுக்கு, மாமனார் நாராயணபெருமாள் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை பகவதியும் உடல் அளவில் நலம். நீங்களும் மகள் அஸ்வதியும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் ஏற்பாடு செய்த பவளப்பாறைப் படகு சவாரி இனிதே முடிந்தது. முடிந்தது என்பதுதான் அதில் இனிமை. லீவுக்கு வரும்போது உங்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமே என்று முற்றத்து வரிக்கைப் பலாவை அத்தையிடம் கேட்காமல் வெட்டினேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், சத்தம் வராது. கடல்காற்று பட்டால் சரியாகும் என்று, கன்னியாகுமரிக் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களை மண்டபம் வரைக்கும் அனுப்பினீர்கள். உங்கள் யோசனையை நான் குறை சொல்லவில்லை.

படகுக்கு அடியில கண்ணாடி பதிச்சிருக்கு. எல்லாரும் சுத்தி உக்காந்து குனிஞ்சு பாத்தோம். படகோட்டி மரியஜான், "அந்தா, மான்கொம்பு மாதிரி நிக்குது பாருங்க, அதான் பவளம்"னார். எனக்கு என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அத்தை எல்லாத்தையும் பாத்தா. பாத்ததை மரியஜான்கிட்டயும் எதிர்ல இருந்த குழித்துறைக்காரிகிட்டயும் மட்டும் சொன்னா. அந்தம்மா நல்ல மனசுல, "வீட்டுக்காரர் வரலியா?"ன்னு கேட்டா. நான் பக்கத்துலதான் இருக்கேன், பாத்துக்கிடுங்க. "அவருக்கு எங்க நேரம், மரம் வெட்டிட்டு இருப்பாரு"ன்னு இவ சொல்லுதா.

ரோசம் வந்து, விளக்கம் சொல்ல எந்திச்சேன். படகு ஆடிச்சு. காலையில தின்ன இட்லி அம்புட்டும் கண்ணாடி மேல வந்துட்டு. பவளம், மீன், மன்னார் வளைகுடா எல்லாம் மறைஞ்சு போச்சு. எல்லாரும் காலைத் தூக்கிக்கிட்டாங்க. அத்தைதான் எந்திச்சு, கடல்தண்ணிய கோரி ஊத்தி, நீங்க எடுத்துக் குடுத்த புதுச்சேலை முந்தானையால துடைச்சா. பொறவு என் பிடரியில கைய வச்சு அமுக்கி, "இப்பவாச்சும் பாருங்க"ன்னா.

பாத்தேன். கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஒண்ணு. அதுக்குள்ள ஒரு நீல மீன்குஞ்சு போறதும் வாறதுமா இருந்துச்சு. பிடரியில வச்ச கைய அவ எடுக்கல.

"அந்த மீன்கிட்ட கேக்காம அதை வெட்டுவீங்களா?"

"மாட்டேன்"னேன்.

அதுல தொடங்கினவ பஸ்ஸுல, சாப்பாட்டுக்கடையில, கொட்டாரத்துல இறங்குத வரைக்கும் நிறுத்தல. எங்க கல்யாணத்துக்கு என் அண்ணன் பிந்தி வந்ததுலேருந்து எல்லாம் வந்துட்டு. எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. ஆகவே மாப்பிள்ளை, இனி எங்கள் இருவரையும் எந்தப் படகிலும் ஏற்ற வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இருவருக்கும் குறைவில்லாத நாட்கள் அமைய ஆசீர்வதிக்கும்,
மாமா நாராயணபெருமாள்

பி.கு.: பேசிப் பேசி அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்றிலிருந்து சைகைதான். வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. அடுத்த படகுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.